எஸ்பெரன்டோவும் இயந்திரக் கண்ணும்

உலக மொழிகளின் கூட்டத்தில் எஸ்பெரன்டோவைப் போலத் தன்னை எளிதில் காட்டிக்கொடுத்துவிடும் மொழி அரிது. அதன் பெயர்ச்சொற்கள் அடிப்படை வடிவில் ஒரே உயிரெழுத்தில் முடிகின்றன. நிகழ்கால வினைகள் யாவும் ஒரே விகுதியில் முடிகின்றன. பிற மொழிகளில் அநேகமாகக் காணக் கிடைக்காத சில எழுத்துகள் தலையில் தொப்பியோடு அதற்கென்றே நிற்கின்றன. ஒரு மொழியை அடையாளம் காண இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்?

ஆனால் நடைமுறை வேறாக இருக்கிறது. இணையத்தைத் துழாவி, கிடைத்த எழுத்தையெல்லாம் மொழிவாரியாகப் பிரித்துக் கட்டிவைக்கும் மென்பொருள்கள் இன்று பல உள்ளன. பெரிய மொழிகளின் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் அந்தந்த மொழியே இருக்கிறது. சிறிய மொழிகளின் கட்டுகளிலோ பல இடங்களில் நெல்லைவிடப் பதர் மிகுதி. இணையத்தைப் பொறுத்தவரை எஸ்பெரன்டோவும் சிறிய மொழிதான். ஆகவே அடையாளத்துக்குப் பஞ்சமில்லாத இந்த மொழியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேட்கலாம். ஒரு மொழியை இயந்திரம் தவறவிடுவது அந்த மொழியின் குறையாலா, வேறு காரணத்தாலா?

இது மொழியியலார் பொழுதுபோக்காகக் கேட்கும் கேள்வி அன்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு உலகெங்கும் பேசப்படும் மொழி மாதிரிகள், இப்படிப் பிரித்துக் கட்டிய எழுத்துக் குவியல்களைத் தின்றுதான் வளர்கின்றன. கட்டுக்குள் வராத எழுத்து அவற்றைப் பொறுத்தவரை எழுதப்படாத எழுத்து. அந்நியச் சரக்கு கலந்த கட்டிலிருந்து அவை கற்பதோ கலப்பட மொழி. வாசலில் நின்று 'நீ எந்த மொழி?' என்று கேட்கும் காவற்காரனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் யார் உள்ளே போவது, எந்தப் பெயரில் போவது என்று தீர்மானிப்பவன் அவன்தான்.

வாசகர் என்ன பார்க்கிறார்?

மொழியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லுட்விக் சாமென்ஹோஃப் 1859-இல், அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த பியாலிஸ்டோக் நகரில் பிறந்த யூதர். தொழிலால் கண் மருத்துவர். 1887-இல் வார்சாவில் 'டாக்டர் எஸ்பெரன்டோ' என்ற புனைபெயரில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 'நம்பிக்கை கொண்டவர்' என்பது அதன் பொருள். புனைபெயரே நாளடைவில் மொழியின் பெயராயிற்று. 1905-இல் வெளியான 'ஃபுந்தாமென்டோ' என்ற அடிப்படை நூல், 16 விதிகளில் அதன் இலக்கணத்தை வரையறுத்தது.

இனி எழுத்துகள். உரோமன் எழுத்துகளை நாம் பள்ளியில் படித்த ஆங்கிலப் பெயர்களாலேயே இங்கு குறிப்பிடுகிறேன். எஸ்பெரன்டோவில் மொத்தம் 28 எழுத்துகள். க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய நான்கும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக ஆறு புதியவர்கள் உண்டு. சி, ஜி, எச், ஜே, எஸ் ஆகிய ஐந்தின் மேலும் சிறு கூரை போட்டிருக்கும். யு-வின் மேல் பிறை கிடக்கும். செக், ஸ்லோவேனியம், குரோவாசியம் முதலிய மொழிகளிலும் சி, எஸ் ஆகியவற்றின் மேல் குறி உண்டு. ஆனால் அது கவிழ்ந்த கூரை, கிண்ணம் போல இருக்கும். எஸ்பெரன்டோ படித்தவருக்கு இந்த வேறுபாடு ஒரு நொடியில் கண்ணில் படும்.

தொப்பிகளை நீக்கிவிட்டாலும் அடையாளம் போவதில்லை. ஆங்கிலத்தின் 'அண்டு' இருக்கும் இடத்தில் எஸ்பெரன்டோவில் வருவது 'காய்'. நம் காதுக்கு இது காய்கறிக் காயாக ஒலிக்கும். சாமென்ஹோஃப் இதை எடுத்ததோ கிரேக்கத்திலிருந்து. 'இருக்கிறது' என்பதற்கு 'எஸ்தாஸ்'. சுட்டுச்சொல் எப்போதும் 'லா', அதற்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு கிடையாது. ஒரு பக்கத்தில் 'லா', 'காய்', 'எஸ்தாஸ்' மூன்றும் திரும்பத் திரும்ப வந்தால், விஷயம் தெரிந்த வாசகர் மேலே படிக்காமலே சொல்லிவிடுவார்.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு சுவையும் உண்டு. 'ஃப்ளோரோ' என்றால் மலர். 'ஃப்ளோரோய்' என்றால் மலர்கள். 'ஃப்ளோரோய்ன்' என்றால் மலர்களை. முதலில் பன்மை விகுதி, அதன்மேல் இரண்டாம் வேற்றுமை உருபு. நம் 'மலர்+கள்+ஐ' என்ற அதே அடுக்கு, அதே வரிசை. பெயரடையும் கூடவே மாறும் என்பதால் 'அழகிய மலர்களை' என்பது 'பேலாய்ன் ஃப்ளோரோய்ன்' ஆகும். உரோமன் எழுத்தில் ஜே-யும் என்-னும் சேர்ந்து சொல்லுக்குச் சொல் வால்போல நீளும் இந்தக் காட்சியே எஸ்பெரன்டோவின் கையெழுத்து என்று சொல்லலாம்.

மொழி தெரியாத வாசகர் என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்றின் அருகில் கொண்டுபோய் வைப்பார். உயிரெழுத்தில் முடியும் சொற்களைப் பார்த்து இத்தாலியம் என்பார். தொப்பிகளைப் பார்த்துக் கிழக்கு ஐரோப்பிய மொழி என்பார். 1940-இல் வெளியான சார்லி சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில், யூதர் குடியிருப்பின் கடைப் பலகைகள் எஸ்பெரன்டோவில் எழுதப்பட்டிருக்கின்றன. இட்லரையும் அவர் ஆட்சியையும் எள்ளி நகையாடிய படம் அது. பலகைகளைப் பார்த்த பெரும்பாலோருக்கு அது பெயரில்லாத ஏதோ ஓர் ஐரோப்பிய ஊர். மொழி தெரிந்தவருக்கோ அந்தப் பலகைகளில் இன்னொரு செய்தியும் இருந்தது. எஸ்பெரன்டோவை யூதர்களின் சூழ்ச்சிக் கருவியாக இட்லர் தன் நூலில் எழுதியிருந்தார். சாமென்ஹோஃபின் மூன்று பிள்ளைகளையும் நாஜிகள் கொன்றார்கள். மகன் ஆடம் 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள்கள் சோஃபியாவும் லிடியாவும் 1942-இல் திரெப்ளிங்கா முகாமில் மாண்டார்கள்.

ஸ்டாலினின் ரஷ்யாவிலும் இதே கதைதான். 1937, 1938 ஆண்டுகளின் களையெடுப்பில் எஸ்பெரன்டோ பயின்றவர்கள் பலர் கைதானார்கள். சோவியத் எஸ்பெரன்டோ சங்கத்தின் தலைவராக இருந்த எர்னஸ்ட் திரேசன் 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அயல்நாட்டு நண்பருக்கு எழுதிய கடிதமே சந்தேகத்துக்கு வித்தாகப் போதுமாக இருந்த காலம் அது. அடையாளம் காணும் கண் எல்லாம் அன்பான கண் அன்று என்பதை எஸ்பெரன்டோ தன் உயிர்களைக் கொடுத்து அறிந்தது. இன்றைய இயந்திரக் கண்ணுக்கு அன்புமில்லை, பகையுமில்லை. அது வெறுமனே எண்ணுகிறது.

இயந்திரம் எண்ணுகிறது

1994-இல் வில்லியம் கேவ்னர், ஜான் டிரெங்கிள் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். வழிமுறை வியக்கத்தக்க அளவுக்கு எளியது. ஒரு மொழியின் மாதிரி எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஓரெழுத்து, ஈரெழுத்து என்று தொடங்கி ஐந்தெழுத்து வரையிலான துண்டுகளாக நறுக்குங்கள். எந்தத் துண்டு எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதிகம் வருவதை முதலில் வைத்து வரிசைப்படுத்துங்கள். முதல் 300 துண்டுகளின் பட்டியல் ஏறத்தாழ அம்மொழியின் கைரேகை. புதிதாக ஒரு பக்கம் வந்தால் அதற்கும் அப்படியொரு பட்டியல் போட்டு, எந்த மொழியின் பட்டியலோடு மிக நெருங்கி வருகிறது என்று பார்த்தால் தீர்ந்தது. அன்றைய யூஸ்நெட் மடல்களில் சோதித்தபோது இம்முறை 99.8 சதவீதம் சரியாக விடை சொன்னது.

கவனிக்க வேண்டியது, இந்த முறைக்கு இலக்கணமும் தெரியாது, அகராதியும் தெரியாது. எஸ்பெரன்டோவில் நிகழ்காலம் 'ஆஸ்' என்று முடியும் என்பதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. ஏ, எஸ், அடுத்து ஓர் இடைவெளி என்ற துண்டு அடிக்கடி வருகிறது என்பது மட்டும் அதற்குத் தெரியும். வாசகர் விதியாக அறிவதை இயந்திரம் பழக்கமாக அறிகிறது. விதிவிலக்கே இல்லாத மொழியில் பழக்கம் மிக உறுதியாகப் படியும் என்பதால் எஸ்பெரன்டோ இந்த முறைக்கு நல்ல மாணவன்.

பிறகு வந்தவையும் அடிப்படையில் இதே வழியில்தான் நடக்கின்றன. ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ஃபாஸ்ட்டெக்ஸ்ட் என்ற மென்பொருளின் அடையாள மாதிரி 176 மொழிகளை அறியும். சுருக்கிய வடிவில் அது ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. எஸ்பெரன்டோ மட்டுமல்ல, அதன் உறவினர்களான இடோ, இன்டர்லிங்குவா, வோலாபுக் ஆகியனவும் அந்தப் பட்டியலில் உண்டு. கூகுள் 2012 பிப்ரவரியில் தன் மொழிபெயர்ப்புச் சேவையில் எஸ்பெரன்டோவைச் சேர்த்தபோது, ஜெர்மன் அல்லது ஸ்பானியத்துக்கு இருந்த தரவு இதைப்போல 100 மடங்குக்கும் அதிகம் என்றும், இவ்வளவு குறைந்த தரவில் இவ்வளவு நன்றாக வந்தது தங்களுக்கே வியப்பு என்றும் சொன்னது. ஒழுங்கான மொழியிடம் இயந்திரம் விரைவில் பாடம் படித்துக்கொள்கிறது.

இடறுவது எங்கே? முதலாவது, சிறு துண்டுகளில். 'வினோ' என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்து எந்த மொழி என்று கேட்டால் மனிதரும் திகைப்பார். எஸ்பெரன்டோ, இத்தாலியம், ஸ்பானியம் மூன்றிலும் அது திராட்சை மது. 'மானோ' என்றால் மூன்றிலும் கை. 'செத்' என்று ஒலிக்கும் மூன்றெழுத்துச் சொல் எஸ்பெரன்டோவிலும் இலத்தீனிலும் 'ஆனால்', ஸ்பானியத்தில் தாகம். நாலு வரி கொடுத்தால் ஐயம் தீரும். ஒரு தலைப்பையோ குறுஞ்செய்தியையோ கொடுத்தால் ஐயம் ஐயமாகவே இருக்கும்.

இரண்டாவது, நெருங்கிய உறவினர்களிடம். 1907-இல் எஸ்பெரன்டோவைச் சீர்திருத்துவதாகச் சொல்லிப் பிரிந்த இடோ மொழியில் தொப்பி எழுத்துகள் இல்லை. ஆனால் பெயர்ச்சொல்லின் ஓகாரமும் நிகழ்காலத்தின் 'ஆஸ்' விகுதியும் அப்படியே உண்டு. 'எஸ்தாஸ்' அங்கே 'எசாஸ்' ஆகியிருக்கும். ஒரு குட்டி வாக்கியத்தில் இவ்விரண்டையும் பிரிப்பது இரட்டைக் குழந்தைகளை முதுகுப் பக்கமிருந்து அடையாளம் சொல்வது போல.

தொப்பி இழந்த எழுத்துகள்

மூன்றாவது இடறலை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்கியும் டாபும் டாமும் பாமினியும் அரசாண்ட காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். சரியான எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு சிறுகதையைத் திறந்தால் திரை முழுக்க ஐரோப்பியக் கிறுக்கல்கள் கொட்டிக் கிடக்கும். எஸ்பெரன்டோக்காரர்களும் அதே துன்பத்தை அனுபவித்தவர்கள்.

துருக்கியம், மால்டீஸ், எஸ்பெரன்டோ ஆகியவற்றுக்காக 1988-இல் 'இலத்தீன்-3' என்ற குறியீட்டுத் தரம் வந்தது. துருக்கியம் விரைவிலேயே தனக்கென்று வேறு தரத்துக்குக் குடிபோய்விட்டது. இலத்தீன்-3-இல் எழுதிய எஸ்பெரன்டோப் பக்கத்தைப் பரவலாகப் புழங்கிய இலத்தீன்-1-இல் திறந்தால் நேர்வது வேடிக்கை. தொப்பி போட்ட சி, டேனிஷ் மொழியின் ஏ-ஈ ஒட்டெழுத்தாகிவிடும். தொப்பி போட்ட ஜி, அதே டேனிஷின் குறுக்குக் கோடிட்ட ஓ ஆகிவிடும். தொப்பி போட்ட எஸ், ஐஸ்லாந்தியத்தின் 'தோர்ன்' எழுத்தாகிவிடும். உலக சமாதானம் பற்றிய கட்டுரை ஒன்று அரைகுறை வைக்கிங் மொழியில் கண் விழிக்கும்! எழுத்துத் துண்டுகளை எண்ணும் இயந்திரம் இதைப் பார்த்தால் என்ன சொல்லும்? அது கண்ட துண்டுகளைத்தானே சொல்லும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து பலர் தொப்பியையே கழற்றிவிட்டார்கள். தொப்பி அச்சில் இல்லாவிட்டால் எழுத்தின் பின்னால் ஓர் எச் சேர்க்கலாம் என்று சாமென்ஹோஃபே வழி சொல்லியிருந்தார். கணினிக் காலத்தில் அதைவிடச் சாமர்த்தியமான வழி ஒன்று பரவியது. எக்ஸ் என்ற எழுத்துதான் எஸ்பெரன்டோவில் இல்லையே, அதையே தொப்பிக்குப் பதிலாகப் பின்னால் எழுதினால் குழப்பமே வராது அல்லவா? குழப்பம் வரவே செய்தது, பிரெஞ்சு ஊர்ப்பெயர்களின் வடிவில். 2001-இல் தொடங்கிய எஸ்பெரன்டோ விக்கிப்பீடியாவின் மென்பொருள், எக்ஸ் போட்டு எழுதினால் தானே தொப்பி போட்டுவிடும். அதனால் 'போர்தோ' என்ற பிரெஞ்சு நகரின் பெயரை எழுத, அதன் கடைசி எக்ஸை இரட்டிக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் கடைசி யு-வின்மேல் பிறை முளைத்துவிடும்.

இதில் மொழி அடையாளத்துக்கு ஒரு பாடம் உண்டு. விக்கிப்பீடியாவில் இருப்பது தொப்பியோடு கூடிய சுத்தமான எழுத்து. அதை மட்டுமே பார்த்துப் பழகிய மென்பொருளிடம், எக்ஸ் வழியில் எழுதிய பழைய மடல்களைக் கொடுத்தால், ஆறு எழுத்துகளின் சாட்சியம் பறிபோகும். 'லா', 'காய்' போன்றவை மட்டுமே காப்பாற்ற வேண்டும். மொழி மாறவில்லை, எழுதியவர் மாறவில்லை, உடை மட்டும் மாறியது. காவற்காரனோ உடையைப் பார்த்து உள்ளே விடுகிறவன்.

99.9 சதவீதத்தின் கணக்கு

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். உண்மையான இக்கட்டு எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இணையத்திலிருந்து 100 கோடி வாக்கியங்களை அள்ளி வருகிறோம். அவற்றில் 10,000-க்கு ஒன்று எஸ்பெரன்டோ என்று வைத்துக்கொள்வோம். ஆக, 1 இலட்சம் எஸ்பெரன்டோ வாக்கியங்கள். நம் மென்பொருள் மகா கெட்டிக்காரன், அந்த 1 இலட்சத்தில் ஒன்றையும் தவறவிடாது. பிற மொழி வாக்கியங்களில் மட்டும் ஆயிரத்தில் ஒன்றை எஸ்பெரன்டோ என்று பிழையாகச் சொல்கிறது. அதாவது 99.9 சதவீதம் சரி. பள்ளியில் இப்படி மதிப்பெண் வாங்கினால் ஊர் கூடிப் பாராட்டும்.

இப்போது எஸ்பெரன்டோக் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். உண்மையான எஸ்பெரன்டோ 1 இலட்சம். மீதி 99 கோடியே 99 இலட்சத்தில் ஆயிரத்தில் ஒன்று என்றால் ஏறத்தாழ 10 இலட்சம் பிழைகள். மொத்தம் 11 இலட்சம் வாக்கியங்களில் 10 இலட்சம் எஸ்பெரன்டோ அல்ல! எஸ்பெரன்டோவில் பத்தில் ஒரு பங்கே எழுத்துள்ள மொழியாக இருந்தால், கட்டில் நூற்றுக்கு ஒரு வாக்கியம்கூட அதனுடையதாக இராது. அதே மென்பொருள், அதே கெட்டிக்காரத்தனம், ஆங்கிலக் கட்டில் மட்டும் குறை காணவே முடியாது.

ஆகவே நம் முதல் கேள்விக்கு விடை இதுதான். சிறிய மொழி மூழ்குவது அதன் அடையாளங்கள் மங்கலாக இருப்பதால் அன்று. பெரிய மொழிகளின் எச்சில் துளி சிறிய மொழியின் குளத்தைவிடப் பெரிதாக இருப்பதால். எஸ்பெரன்டோவைப் போல முகத்தில் முத்திரையோடு பிறந்த மொழிக்கே இந்த ஆபத்து உண்டென்றால் மற்றவற்றைப் பற்றி என்ன சொல்வது?

பிழையாக வந்து விழுபவை எவை? பெயர்ப் பட்டியல்கள், பொருட்களின் குறியீட்டு எண்கள், பாதி உடைந்த வரிகள், எழுத்துரு சிதைந்த பக்கங்கள். பல மென்பொருள்களுக்கு 'இது எந்த மொழியும் இல்லை' என்று சொல்லத் தெரியாது. தெரிந்த பெயர்களில் ஏதோ ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். அப்படிச் சொல்லும்போது குப்பை வந்து சேருமிடம் பெரும்பாலும் எளியவர் வீட்டு வாசல்.

2022-இல் வெளியான ஒரு பெரிய தணிக்கை ஆய்வு இதை வெளிச்சமிட்டது. பொதுவில் கிடைக்கும் ஐந்து பெரும் தொகுப்புகளிலிருந்து 205 மொழிக் கட்டுகளை எடுத்து, மனிதர்கள் உட்கார்ந்து படித்துப் பார்த்தார்கள். குறைந்தது 15 கட்டுகளில் பயன்படக்கூடிய எழுத்து ஒன்றுமே இல்லை. கணிசமான கட்டுகளில் ஏற்கத்தக்க வாக்கியங்கள் பாதிக்கும் குறைவு. அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. இப்பிழைகளில் பெரும்பாலானவற்றை, அம்மொழியில் புலமை இல்லாதவரே எளிதாகக் கண்டுபிடித்துவிடலாமாம். அதாவது, யாராவது ஒருவர் திறந்து பார்த்திருந்தால் போதும். யாரும் திறந்து பார்க்கவில்லை.

சரியான மொழி, இல்லாத எழுத்தாளர்

சரி, மொழியைப் பிழையின்றி அடையாளம் கண்டுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அத்துடன் முடிந்ததா? 2007-இல் வோலாபுக் விக்கிப்பீடியா 1,00,000 கட்டுரைகளைத் தாண்டியது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு நிரலி அச்சு வார்த்ததுபோல வார்த்த ஊர்க் குறிப்புகள். 2020-இல் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் அதிர்ச்சியான உண்மை வெளிவந்தது. அதன் கட்டுரைகளில் பெரும் பகுதியை அம்மொழி அறியாத ஓர் அமெரிக்க இளைஞர் எழுதியிருந்தார். ஆங்கிலச் சொற்களை ஸ்காட்ஸ் போலத் தோன்றும்படி மாற்றியதுதான் அவர் செய்தது. விக்கிப்பீடியாவைப் பாடநூலாகக் கொள்ளும் அடையாள மென்பொருள்களுக்கு இதுவே 'ஸ்காட்ஸ்' ஆகிவிடுகிறது. போலி நாணயத்தைக் காட்டி இதுதான் நாணயம் என்று பழக்கினால் உண்மையானது வரும்போது அது சந்தேகப்படும்.

இன்று இந்தப் பெருக்கு வேறு வடிவில் வந்திருக்கிறது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் சிறிய மொழிகளில் கிடைக்கும் எழுத்தில் பெரும்பங்கு இயந்திர மொழிபெயர்ப்பாக இருப்பதைக் காட்டியது. எஸ்பெரன்டோவுக்கு இது தனி அபாயம். இலக்கணம் ஒழுங்கானது என்பதால் இயந்திரம் தொப்பியும் வாலும் பிசகாமல் எழுதிவிடும். வாசற்காவலனுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். படிக்கிறவர்தான் முகம் சுளிப்பார். 'ஸ்பிரிங்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எஸ்பெரன்டோவில் மூன்று சொற்கள் உண்டு. பருவத்துக்கு 'பிரின்டெம்போ', நீரூற்றுக்கு 'ஃபோன்டோ', சுருள்வில்லுக்கு 'ரிசோர்டோ'. கடிகாரத்துக்குள் வசந்தகாலத்தைச் செருகிவைத்த வாக்கியமும் இயந்திரக் கணக்கில் நூற்றுக்கு நூறு எஸ்பெரன்டோதான். எந்த மொழி என்று எண்ணிச் சொல்லலாம். யாரோ ஒருவர் எதையோ சொல்ல நினைத்து எழுதியதா என்று எண்ணிச் சொல்ல முடியாது. அதற்கு வாசகர் வேண்டும்.

நம் வீட்டு நிலைமை

தமிழுக்கு இந்தக் கவலை இல்லை என்று தோன்றலாம். ஒரு வகையில் உண்மை. யுனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி இருக்கிறது. கூகுளின் சிஎல்டி2 போன்ற மென்பொருள்கள், தனி எழுத்துள்ள மொழிகளுக்கு எழுத்தை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகின்றன. துண்டுகளை எண்ண வேண்டிய வேலையே இல்லை. ஒரு 'ழ' போதும்.

ஆனால் அந்த வசதிக்குள் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, உரோமன் எழுத்தில் எழுதும் தமிழ். புலம்பெயர்ந்த இளைய தலைமுறை தினமும் கைப்பேசியில் தட்டுவது இதைத்தான். எக்ஸும் எச்சும் போட்டு எஸ்பெரன்டோ எழுதியதற்காவது விதி இருந்தது. நம் உரோமன் தமிழுக்கு ஆளுக்கொரு விதி. கூகுளின் அடுத்த மென்பொருளான சிஎல்டி3, உரோமன் எழுத்தில் எழுதிய இந்தி, ரஷ்யம், கிரேக்கம், ஜப்பானியம் ஆகியவற்றை அறியும். உரோமன் தமிழுக்கு அதில் இடம் இல்லை. 2023-இல் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழுவினர் இந்திய மொழிகளின் உரோமன் வடிவத்தையும் அடையாளம் காணும் மென்பொருளை வெளியிட்டபோதுதான் ஒரு கதவு திறந்தது.

இரண்டாவது, தமிழ் எழுத்துக்குள் வாழும் பிற மொழிகள். மதுரையிலும் பரமக்குடியிலும் பேசப்படும் சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்து உண்டு. 2008-இல் அது யுனிகோடிலும் இடம் பெற்றது. ஆனால் தமிழ்நாட்டில் பலர் அதைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறார்கள். நீலகிரியின் படுக மொழியும் தமிழ் எழுத்தில் எழுதப்படுகிறது. எழுத்தை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு இவை யாவும் தமிழே. உரோமன் எழுத்துக் கூட்டத்தில் எஸ்பெரன்டோவாவது தொப்பியை ஆட்டிக் காட்ட முடிகிறது. தமிழ் எழுத்துக் கூட்டத்தில் சௌராஷ்டிரம் கையை உயர்த்தினாலும் பார்க்க ஆளில்லை. அங்கே நாம்தான் பெரிய மொழி, மூழ்கடிப்பவர்களும் நாமே.

மூன்றாவது, தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் எழுதிவைத்த அறபுத்தமிழ். அந்த ஏடுகள் எண்ணிம வடிவுக்கு வரும்போது அரபு மொழிக் கட்டிலோ உருதுக் கட்டிலோ போய் விழுந்தால், தமிழின் ஒரு கிளை தமிழ்க் கணக்கிலிருந்து நழுவிப்போகும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பழைய எழுத்துருவில் கிடக்கும் சேமிப்புகளை யுனிகோடுக்கு மாற்றுவது ஒன்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் டிஸ்கிக் கோப்புகளை அப்படி மாற்றி வழிகாட்டியிருக்கிறது. பக்கத்தின் மொழி இன்னதென்று பக்கத்துக்குள்ளேயே குறிப்பது இன்னொன்று. சௌராஷ்டிரத்தில் எழுதுகிறவர் அதைச் சௌராஷ்டிரம் என்றே குறிக்க வேண்டும். நம் பெயரில் கட்டிவைத்திருக்கும் பொதுத் தொகுப்புகளை அவ்வப்போது அவிழ்த்து, ஒரு நூறு வரியேனும் படித்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் முக்கியம். 205 கட்டுகளைத் தணிக்கை செய்தவர்கள் செய்தது அவ்வளவுதான்.

எஸ்பெரன்டோவுக்கு நாடு இல்லை, அரசு இல்லை, வரிப்பணம் இல்லை. ஆயினும் அதன் விக்கிப்பீடியாவில் 3,50,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. எண்ணிக்கையில் தமிழைவிட அதிகம். எண்ணிக்கை ஒன்றே தரம் அல்ல என்பதை வோலாபுக்கின் கதையில் பார்த்தோம். ஆனால் தங்கள் மொழியை யார் எங்கே என்ன பெயரில் கட்டிவைக்கிறார்கள் என்று கவனிக்கும் வாசகர்கள் அதற்கு இருக்கிறார்கள். எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழிக்கு அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.